உங்க பக்கம் மூணு, என் பக்கம் ரெண்டு

ஐம்பத்து மூன்று வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார் நாச்சிமுத்து. சொல்லித் தந்த சுலோச்சனாவுக்கு முப்பத்து நான்கு. ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று முதல் நாள் இருவருக்குமே தெரியவில்லை. இரண்டாம் நாள் அவள் "அண்ணா" என்றாள். அவர் "டீச்சர்" என்றார். அதோடு அந்தச் சங்கடம் தீர்ந்தது.

சுலோச்சனாவின் டிரைவிங் ஸ்கூலில் ஒரு கார், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு வருகை நோட்டு. அவள் அதிகம் பேசமாட்டாள். "எடுங்க", "நிறுத்துங்க", "கண்ணாடி பாருங்க". காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை இந்த மூன்றுதான்.

நாச்சிமுத்து ஊர்க் கோடியில் இருக்கும் பஞ்சு மில்லில் எடை மேடை பார்ப்பவர். பாரத்தோடு வரும் லாரியை மேடையில் ஏற்றி ஒரு எடை, இறக்கிய பின் காலி லாரியை ஏற்றி ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பஞ்சு. இருபத்தேழு வருஷத்தில் பத்து கிலோ தவறிப்போனதாக அவர் மேல் ஒரு புகார் கிடையாது. இன்னும் ஐந்து வருஷம் இரண்டு மாதத்தில் ஓய்வு.

கார் ஆசை அவருக்கு இருந்ததே இல்லை. மனைவி மரகதம் இருபத்தாறு வருஷமாக அவருடைய மொபெட்டின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தவள். போன தை மாதம் அவளுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். அதற்குப் பிறகு மொபெட்டில் ஏற முடியவில்லை. பஸ் படியும் உயரம். பதினோரு மாதமாக ஆஸ்பத்திரியைத் தவிர அவள் எங்கேயும் போகவில்லை. அதற்கும் வாடகைக் கார்.

"நானென்ன மூட்டையா, ஏத்தி இறக்க ஆள் தேடறதுக்கு?" என்று ஒருநாள் வாடகைக் காரிலிருந்து இறங்கும்போது கேட்டாள். மறுநாள் நாச்சிமுத்து டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டினார்.

பத்து நாள் ஆயிற்று. பதினொன்றாம் நாள் காலையில் வந்தவர், காரில் ஏறுவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"டீச்சர், கொட்டேஷன் வாங்கிட்டு வந்துட்டனுங்க. ஐயாயிரம் அட்வான்சும் குடுத்தாச்சு. சனிக்கிழமை கையெழுத்து."

"சரிங்ணா."

"கார் எட்டு லட்சத்து நாப்பதாயிரம். கையில ரெண்டு லட்சத்து நாப்பது இருக்குது. பாக்கி ஆறு லட்சம் கடன். மாசம் பன்னெண்டாயிரத்து அறுநூத்தி ஒண்ணு கட்டணும்னான் ஷோரூம் பையன். மாசம் எவ்வளவு கட்டுவீங்க சார்னு கேட்டான். பத்துக்குள்ளதான் முடியும்னு நானும் விடலை. உள்ள போயி மேனேஜர்கிட்ட பேசிட்டு வந்தான். பாதாம் பால் குடுத்தான். ஒன்பதாயிரத்து எண்ணூத்தி ஆறுன்னு போட்டுக் குடுத்துட்டான்!"

சுலோச்சனா கார் சாவியை எடுத்தாள்.

"மாசத்துக்கு ரெண்டாயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தஞ்சு ரூபா குறைச்சிருக்கனுங்க. இதுக்கு மேலயும் குறையுங்களா? நீங்க எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க, எத்தனை பேர் கார் வாங்கியிருப்பாங்க. நல்ல விலைக்கு வாங்கறது எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

தாளை நீட்டினார். அவள் வாங்கவில்லை. இடது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"பாலத்துக்கு விடுங்க."

ரயில்வே மேம்பாலம் அவருக்குப் பிடித்த இடம். ஏற்றத்தின் நடுவில் அவள் நிறுத்தச் சொல்வாள், பிறகு எடுக்கச் சொல்வாள். மற்றவர்கள் பதினைந்து நாள் ஆனாலும் அங்கே திணறுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அவருக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது. வீட்டில் மரகதத்திடம் இதை ஐந்து தடவையாவது சொல்லியிருப்பார்.

பாதி ஏற்றத்தில் அவள் "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினார். "எடுங்க" என்றாள். எடுத்தார். கார் வெண்ணெய் மாதிரி ஏறியது. பாலத்தைச் சுற்றி வந்து மறுபடியும். மறுபடியும் வெண்ணெய்.

மூன்றாவது சுற்றில் நிறுத்திய பிறகு, சுலோச்சனா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எடுங்க."

நாச்சிமுத்து எப்போதும் போல பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் பின்னால் போனது.

ஒரு அடி. இரண்டு அடி. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது, கார் பின்னாலேயே போனது. கிளட்சை விட்டார். ஒரு குதி குதித்து எஞ்சின் நின்றது. மறுபடியும் உருண்டது. பின்னால் தூரத்தில் வந்த பால் வண்டிக்காரர் ஹாரனில் கை வைத்து, தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங் பெரியவரே! என் வண்டி மேலயே வந்து உக்காந்துக்கறீங்களா?"

"டீச்சர், போகுது டீச்சர்!"

"ஹேண்ட் பிரேக்."

இழுத்தார். நின்றது. நாலு அடி வந்திருந்தார்கள். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. பால் வண்டி அவர்களைச் சுற்றிக்கொண்டு மேலே போனது.

"இத்தனை நாளா ஏறுச்சுங்களே?"

"ஏறுச்சு."

"அப்ப ஏத்துனது யாருங்க?"

சுலோச்சனா காலுக்குக் கீழே கை காட்டினாள். அங்கே அவள் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். முதல் நாளே அவற்றை அவர் பார்த்திருந்தார். எதற்கு என்று கேட்டும் இருந்தார். அவசரத்துக்கு என்று அவள் சொல்லியிருந்தாள். அப்புறம் அப்படி இரண்டு இருப்பதையே மறந்துவிட்டார்.

"உங்க பக்கம் மூணு," என்றாள் அவள். "என் பக்கம் ரெண்டு."

அன்றைக்கு அவ்வளவுதான். இறங்கும்போது நாச்சிமுத்து தாளை மடித்துப் பையில் வைத்தபடி முணுமுணுத்தார்.

"காரு விலையைக் கேட்டா பாலத்தைக் காட்டறீங்க."

"நாளைக்கு ஆறு மணிங்ணா," என்றாள் அவள். நோட்டில் டிக் போட்டாள்.

பதினொரு மணிக்கு மில்லுக்கு ஒரு பஞ்சு லாரி வந்தது. மேடையில் ஏறி நின்றது. எண் விழுந்தது. நாச்சிமுத்து எண்ணைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், அறையை விட்டு வெளியே வந்தார்.

"பின் சக்கரம் மேடைக்கு வெளிய நிக்குது."

"அட, எண்ணுதான் வந்துருச்சுல்லீங்க?" என்றான் டிரைவர். "குறைச்சலாத்தான வந்திருக்குது, உங்க மில்லுக்கு லாபம்தான!"

"முன்னால எடுப்பா."

"இருபத்தேழு வருஷமா ஒரே பாட்டு உங்களுக்கு."

"முழுசா ஏத்துனாத்தான் எடை. எடு."

லாரி முன்னால் வந்தது. எண் மாறியது. சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பேனா கையிலேயே இருந்தது. பிறகு பையிலிருந்து கொட்டேஷன் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

ஒன்பதாயிரத்து எண்ணூற்று ஆறு என்பது பெரிய எழுத்தில், கட்டம் கட்டி இருந்தது. அதைத்தான் அவர் எல்லாருக்கும் காட்டியிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே பார்த்தார். கடைசி வரியில், பொடி எழுத்தில், எண்பத்து நான்கு மாதம் என்று இருந்தது.

எடைச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். முதலில் ஷோரூமில் சொன்ன பன்னிரண்டாயிரத்து அறுநூற்று ஒன்று, அறுபது மாதம்: ஏழு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து அறுபது. ஒன்பதாயிரத்து எண்ணூற்று ஆறு, எண்பத்து நான்கு மாதம்: எட்டு லட்சத்து இருபத்து மூவாயிரத்து எழுநூற்று நான்கு. அவர் பேரம் பேசிக் குறைத்த கடன், குறைக்காத கடனைவிட அறுபத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பத்து நான்கு ரூபாய் கூடுதல்.

இன்னொரு வரியும் எழுதினார். அவருக்குச் சம்பளம் வரப்போகும் மாதங்கள் அறுபத்து இரண்டு. எண்பத்து நாலில் அறுபத்து இரண்டு போனால் இருபத்து இரண்டு. சம்பளம் நின்ற பிறகு இருபத்து இரண்டு மாதம் ஒன்பதாயிரத்து எண்ணூற்று ஆறு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் காரை எடுத்துக்கொண்டு போவார்கள். மரகதம் மறுபடியும் வாசலில் நிற்பாள்.

அடுத்த லாரி வந்து ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவை அடித்த பிறகுதான் அவர் எழுந்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார்.

"டீச்சர், சனிக்கிழமை நீங்க கூட வரணுங்க."

"எதுக்குங்ணா?"

"நீங்க பேசுனா அவங்க கேப்பாங்க. எனக்கு அந்த ஏசி ரூம்ல வாய் வரமாட்டேங்குது. சார் சார்ங்கறான், பாதாம் பால் குடுக்கறான், எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு வந்தர்றேன்."

"நான் வந்தா, பாலம் ஏறுன மாதிரிதான் இருக்கும்."

அவர் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரி, என்ன கேக்கறதுன்னாவது சொல்லுங்க."

"நேத்து என்கிட்ட என்ன கேட்டீங்க?"

யோசித்தார். "ஏத்துனது யாருன்னு கேட்டனுங்க."

"அதையே கேளுங்க."

பாலத்துக்குப் போனார்கள். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் தடவை எஞ்சின் நின்றது. இரண்டாம் தடவை நின்றது. மூன்றாம் தடவை ஹேண்ட் பிரேக்கை விட மறந்து எஞ்சினை உறுமவிட்டார். நாலாம் தடவை கார் குலுங்கிக் குலுங்கி, விக்கல் எடுத்ததுபோல மேலே போய்ச் சேர்ந்தது.

"அசிங்கமா ஏறுச்சுங்க டீச்சர்."

"ஆமாங்ணா," என்றாள் அவள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. மில்லில் மதியம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவருடைய சம்பளம் விழும் பேங்குக்குப் போனார். இருபத்தேழு வருஷமாக அங்கே பணம் எடுக்க மட்டும்தான் போயிருக்கிறார். கடன் கொடுப்பீர்களா என்று கேட்பதற்குள் மூன்று தடவை தண்ணீர் குடித்தார். கொடுப்போம், ஒன்பது சதவீதம் வட்டி என்றார்கள். ஷோரூம்காரர்கள் போட்டிருந்தது ஒன்பதரை. அன்று மாலையே, மில் லாரிகளுக்கு இன்ஷூரன்ஸ் போடும் ஏஜென்டிடம் இந்தக் காருக்கு எவ்வளவு என்று கேட்டார். முப்பத்து மூவாயிரம். தாளில் இருந்தது நாற்பத்தாறாயிரம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை தேதி இருபத்தெட்டு. வாடகைக் காரில் மரகதத்தையும் கூட்டிக்கொண்டு போனார். விற்பனைப் பையன் பெயர் கௌசிக். வாசலுக்கே ஓடிவந்தான்.

"வாங்க சார், வாங்கம்மா! எல்லாம் ரெடி. ஒரே ஒரு கையெழுத்து. இன்னைக்கே போட்டா ஒரு கிராம் தங்கக் காசு நம்ம அன்பளிப்பு."

பேனாவைத் திறந்தே நீட்டினான். நாச்சிமுத்து அதை வாங்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்த எடைச் சீட்டுப் பேனாவை எடுத்தார்.

"தம்பி, அன்னைக்குப் பன்னெண்டாயிரம் சொல்லிட்டு ஒன்பதாயிரத்துக்குக் குறைச்சுக் குடுத்தியே. குறைச்சது யாரு?"

"நாங்கதான் சார். உங்களுக்காகன்னே மேனேஜர்கிட்ட பேசி..."

"எந்தப் பெடலை மிதிச்சீங்க?"

"சார்?"

"உங்க பக்கம் எத்தனை பெடல் இருக்குது?"

கௌசிக் மரகதத்தைப் பார்த்தான்.

"அவரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போறாரு கண்ணு," என்றாள் மரகதம். "ரெண்டு வாரமா இட்லிக்குக்கூட கியர் போட்டுத்தான் சாப்பிடறாரு. நீ பதில் சொல்லு."

நாச்சிமுத்து பொடி எழுத்தில் இருந்த எண்பத்து நான்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இது அறுபதைத் தாண்டக் கூடாது. கடன் நான் என் பேங்குல வாங்கிக்கறேன். உங்க மூலமா வாங்குனா யாருக்கு என்ன?"

கௌசிக் குரலைத் தாழ்த்தினான். "எங்களுக்கு ஒரு பங்கு வருங்க."

"இன்ஷூரன்ஸ் நாப்பத்தாறு?"

"அதுலயும் வருங்க."

"வெளிய முப்பத்து மூணு. சீட் உறை, கதவு விளிம்பு, ஸ்டிக்கர்னு இருபத்தெட்டாயிரத்து ஐநூறு போட்டிருக்குது. நான் கேட்டனா?"

"எல்லாருக்கும் போடறதுங்க..."

"அதுல கால் மேட்டு மட்டும் ஆயிரத்து ஐநூறு. அது இருக்கட்டும். இந்தக் கையாளும் கட்டணம் ஆறாயிரத்து ஐநூறு என்னத்தைக் கையாளறதுக்கு?"

நாச்சிமுத்து அந்த வரியை அடித்தார். ரொம்ப மெதுவாக அடித்தார். எதிராளியிடம் இவ்வளவு நேரம் தொடர்ந்து அவர் பேசியதே இல்லை.

மரகதம் அங்கே நின்ற காரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல கண்ணாடி வச்சிருக்குது, அது எதுக்குங்க?"

"அது திறக்கும்மா. வானம் பார்க்கலாம்."

"எவ்வளவு?"

"அது இல்லாத மாடல் எண்பத்தஞ்சாயிரம் குறைச்சலுங்க."

"வானம் எங்க வீட்டு மொட்டை மாடியிலயே தெரியுது. அது வேண்டாம்."

நாச்சிமுத்து கூட்டிக் கழித்தார். ஏழு லட்சத்து எட்டாயிரத்து ஐநூறு.

"ஏழு லட்சம்," என்றார். "அதுல நிறுத்து. என்னால ஏத்த முடிஞ்சது அவ்வளவுதான்."

"சார், இதுக்கு மேல என் கையில ஒண்ணுமே இல்ல சார். நம்புங்க."

நம்பலாம் என்றுதான் தோன்றியது. பையன் முகம் வாடிப்போயிருந்தது. கொடுத்த ஐயாயிரமும் போய்விடும் என்பதும் ஞாபகம் இருந்தது. ஆனாலும் நாச்சிமுத்து எழுந்தார். "வா மரகதம்."

மரகதத்துக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க ஒரு நிமிஷம் ஆகும். முதலில் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், அப்புறம் ஒரு காலை ஊன்ற வேண்டும், அப்புறம் மூச்சு வாங்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் கௌசிக் அவளைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், மேனேஜரின் கண்ணாடி அறையைப் பார்த்தான். இந்த மாதம் ஆறு கார் விற்க வேண்டும் என்பதும், ஐந்துதான் ஆகியிருக்கிறது என்பதும் அவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. ஓடினான்.

மரகதம் முழுசாக நிமிர்ந்து நிற்கும்போது மேனேஜர் எதிரில் நின்றார்.

"உட்காருங்கம்மா," என்றார்.

"எந்திரிச்சதே பெரும்பாடுங்க. நின்னுட்டே கேட்டுக்கறேன்."

ஏழு லட்சத்துக்கு முடிந்தது. தங்கக் காசு கிடையாது. பாதாம் பால் வந்தது. நாச்சிமுத்து அதைக் குடிக்கவில்லை, மரகதம் குடித்தாள். பேங்கில் நாலு லட்சத்து அறுபதாயிரம் கடன், அறுபது மாதம், தவணை ஒன்பதாயிரத்து ஐநூற்று நாற்பத்தொன்பது. கடைசித் தவணைக்குப் பிறகு இரண்டு சம்பளம் மிச்சம் இருக்கும். அதையும் எழுதி வைத்துக்கொண்டார்.

லைசென்ஸும் காரும் ஒரே வாரத்தில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை டிரைவிங் ஸ்கூல் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. பின் சீட்டில் மரகதம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏறு அம்மிணி," என்றாள். "எங்க அக்கா வீட்டுக்குப் போறோம். பாலத்தை ஒரு சுத்து சுத்தி உன்னைய இங்கயே விட்டுட்டுப் போறோம், கூட வா. இவருக்கு உன்னைய ஏத்தாம மனசு ஆறலை."

சுலோச்சனா இடது பக்கம் ஏறினாள். நாச்சிமுத்து எடுத்தார். கண்ணாடி பார்த்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

பாதி ஏற்றத்தில் முன்னால் போன டிராக்டர் நின்றது. அவரும் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். டிராக்டர் உடனே நகர்கிற மாதிரி தெரியவில்லை.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

"டீச்சர்."

"சொல்லுங்ணா."

"கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டேன். நாலு தடவை பார்த்துட்டேன். ஆனாலும் மனசு சும்மா இருக்க மாட்டேங்குது. நல்ல விலைக்குத்தான் வாங்கியிருக்கனுங்களா?"

"இன்னும் கேக்கறாரு பாரு," என்றாள் மரகதம் பின்னாலிருந்து.

சுலோச்சனா செருப்பைக் கழற்றினாள். கால் விரலால் தன் பக்கத்துத் தரையைத் தடவிப் பார்த்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிதானமாகத் தடவினாள். ஆயிரத்து ஐநூறு ரூபாய் மேட் மட்டும்தான் இருந்தது.

முன்னால் டிராக்டர் நகர்ந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லீங்ணா," என்றாள். "எடுங்க."